கூண்டுக் குருவியின் சாவும் காரணம் தேடும் கடமையும்

கூண்டில் வளரும் குருவி ஒன்று இறந்துபோனால் அதற்கு எவரும் இறப்புச் சான்றிதழ் எழுதுவதில்லை. விடியற்காலையில் தண்ணீர் மாற்றச் செல்பவர், அமர்குச்சிக்குக் கீழே, தினை உமிகளின் நடுவே, கால்களை மடக்கிக் கிடக்கும் சின்னஞ்சிறு உடலைக் காண்கிறார். இறகு கலையவில்லை, இரத்தம் இல்லை, நேற்று மாலைவரை மற்றவற்றோடு சேர்ந்து ஒலித்துக்கொண்டிருந்த பறவைதான். ஒரு தாளில் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் இடுகிறார்; மனம் இளகியவரானால் முருங்கை மரத்தடியில் ஒரு சிறு குழி தோண்டுகிறார். பிறகு வீட்டார் ஆளுக்கொரு விடை சொல்கின்றனர். கண்ணேறு பட்டிருக்கும் என்கிறார் பாட்டி. கடைக்காரன் நோய்ப்பட்டதைத் தலையில் கட்டிவிட்டான் என்கிறார் வீட்டுத் தலைவர். அதன் ஆயுள் அவ்வளவுதான், கடவுள் சித்தம் என்கிறார் மற்றொருவர். ஒரு வாரம் கழித்து இரண்டாவது குருவி அதே இடத்தில் கிடக்கிறது.

இம்மூன்று விடைகளும் வெவ்வேறு திசைகளிலிருந்து வந்தாலும் செய்யும் வேலை ஒன்றே. வினாவை அவை முடித்துவைக்கின்றன. கண்ணேறு என்றால் படிகாரம் சுற்றிப் போட்டால் போதும். கடைக்காரன் என்றால் அவனைத் திட்டித் தீர்த்தால் போதும். கடவுள் சித்தம் என்றாலோ ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. இறுதியாகச் சொன்ன அச்சொல்லின் பெருமையை நாம் குறைக்க வரவில்லை. தேடிக் களைத்தபின் அதைச் சொல்லும் வாய் வேறு. தேடுவதைத் தவிர்ப்பதற்காக அதைச் சொல்லும் வாய் வேறு. நம் காவலில் உள்ள ஓர் உயிர் காரணம் தெரியாமல் இறந்தால், அக்காரணத்தைத் தேடும் கடமை நமக்கு உண்டா? உண்டெனில் அது எதுவரை செல்லும்? சிறிய வினாவாகத் தோன்றும் இதனைச் சற்றுப் பொறுமையோடு எண்ணிப் பார்ப்போம்.

இப்பறவைகள் எவை என்பதை முதலில் சொல்லிவிடலாம். மொட்டைமாடியிலும் கொல்லைப்புறத்திலும் கம்பிவலை அடித்த பெருங்கூண்டுகளில் நாம் வளர்க்கும் சிறு பறவைகளைக் கடைகளில் 'ஃபிஞ்ச்' என்ற பொதுப்பெயரால் விற்கிறார்கள். (பேச்சில் அது 'பிஞ்சு' என்றே ஒலிக்கிறது. முற்றாத இளங்காய்க்குத் தமிழ் வைத்த பெயர், ஏறத்தாழ 12 கிராம் எடையுள்ள இவ்வுயிருக்குப் பொருந்தாமல் இல்லை.) அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது ஆஸ்திரேலியாவிலிருந்து உலகெங்கும் பரவிய 'ஜீப்ரா ஃபிஞ்ச்'. வடக்கு ஆஸ்திரேலியாவின் புல்வெளிகளுக்குரிய 'கூல்டியன் ஃபிஞ்ச்' பல வண்ணம் கொண்டது, விலையும் மிக்கது. ஜான் கூல்டு என்ற ஆங்கிலேயப் பறவை நூலார், தம் நூல்களுக்கு ஓவியம் தீட்டித் துணைநின்று 1841இல் மறைந்த தம் மனைவி எலிசபெத்தின் நினைவாக 1844இல் அதற்குப் பெயரிட்டார். மூன்றாவது 'பெங்காலி ஃபிஞ்ச்'. பெயர் வங்காளத்தைச் சுட்டினாலும், நம் நாட்டிலும் ஆசியாவின் பிற பகுதிகளிலும் வாழும் வெண்முதுகுச் சில்லையின் இனத்திலிருந்து ஜப்பானில் தலைமுறை தலைமுறையாகப் பழக்கி உருவாக்கப்பட்ட வீட்டுப்பறவை அது. நம் வயல்களில் திரியும் சில்லைகளையே பிடித்து அடைப்பது வேறு செய்தி. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

காட்டுப் பறவைக்கும் கூண்டுப் பறவைக்கும் அறநோக்கில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வயலில் திரியும் சில்லை, ஒரு குட்டையின் நீர் கெட்டால் மற்றொன்றை நாடும். வெயில் ஏறினால் நிழலுக்குள் நகரும். ஓரிடத்தில் நெருக்கடி மிகுந்தால் விலகிப் பறக்கும். இத்தெரிவுகள் அனைத்தையும் கூண்டு பறித்துக்கொள்கிறது. எங்கே அமர்வது, எதைத் தின்பது, எந்தக் காற்றை உட்கொள்வது, யாரோடு உறங்குவது என்ற எல்லாவற்றையும் அதற்காக நாமே முடிவு செய்துவிட்டோம். ஆதலால் கூண்டுக்குள் நிகழும் சாவு, நாம் அமைத்துத் தந்த உலகத்துக்குள் நிகழ்ந்த சாவு. அந்த உலகத்தில் பழுதுபட்டது எது என்று பார்ப்பது, அதை அமைத்தவர்மீது விழுந்த கடன் என்றே நாம் கருதுகிறோம். தினையும் தண்ணீரும் வைத்ததோடு அக்கடன் தீர்ந்துவிடாது.

இறந்த குருவியைப் பற்றி முதலில் சொல்லப்படும் சொல் 'திடீரென்று' என்பது. பெரும்பாலும் அது உண்மையன்று. கூட்டமாக வாழ்ந்து வல்லூறுக்கு இரையாகும் சிற்றுயிர், தன் நலிவை வெளியே காட்டினால் அதுவே முதலில் பிடிபடும். ஆகவே நோயை மறைப்பது அதன் இயல்பாயிற்று. நாம் அருகில் சென்றால் நிமிர்ந்து உட்காரும். தீனித்தட்டில் இறங்கிக் கொத்தும். உற்றுப் பார்த்தால் உமியை மட்டுமே கிளறிக்கொண்டிருக்கும். மார்பெலும்பு கத்தி விளிம்புபோல் துருத்தி நிற்பது, கையில் எடுத்து இறகை விலக்கினாலன்றித் தெரியாது. இவ்வளவு சிறிய உடலில் உயிர்த்தீ மிக விரைவாக எரிகிறது. ஒரு நாள் முழுவதும் இரை எடுக்காமல் போனாலே உயிருக்கு ஆபத்து. பல நாள் நலிந்த பறவை ஓர் இரவில் விழுகிறது. நாம் கண்டது விழுந்ததை மட்டும். 'காரணமற்ற திடீர்ச் சாவு' என்று நாம் எழுதும் தொடர், அந்தப் பறவையைவிட நம் பார்வையைப் பற்றியே அதிகம் சொல்கிறது.

காரணங்களோ எங்கெங்கோ ஒளிந்திருக்கின்றன. இரவில் பூனையோ எலியோ வலைமீது ஏறினால், இருளில் கண் தெரியாத குருவிகள் வெருண்டெழுந்து கம்பியில் மோதுகின்றன. மண்டையில் அடிபட்டது காலையில் வெளிக்காயமின்றிக் கிடக்கும். மங்கலான ஓர் இரவு விளக்கு இருந்திருந்தால் அது அமர்குச்சிக்குத் திரும்பியிருக்கும். இன்னொரு வீட்டில் நான்ஸ்டிக் தோசைக்கல் அடுப்பில் வெறுமையாகக் காய்ந்துகொண்டிருக்கிறது. அதன் மேற்பூச்சு ஏறத்தாழ 280 பாகை செல்சியசைக் கடந்து சூடேறும்போது எழும் புகையை வீட்டார் உணர்வதுகூட இல்லை. பக்கத்து அறைக் கூண்டில் பறவைகள் சில நிமிடங்களில் விழுகின்றன. பறவையின் நுரையீரலோடு காற்றுப்பைகள் இணைந்துள்ளன. காற்று நம்மைப்போல் வந்த வழியே திரும்பாமல் ஒரே திசையில் ஓடுகிறது. அதனால் காற்றில் உள்ள உயிர்வளியை மட்டுமன்றி நஞ்சையும் அது நம்மைவிடத் திறமையாக உள்வாங்குகிறது.

கூல்டியன் குருவிகளின் மூச்சுக்குழலில் குடியேறும் ஓர் உண்ணி உண்டு. இரவின் அமைதியில் கூண்டருகே காதை வைத்தால், மூச்சோடு சேர்ந்து 'டிக், டிக்' என்றொரு நுண்ணொலி கேட்கும். அனுபவம் உள்ளவர் பறவையைக் கையில் ஏந்தி, கழுத்து இறகை நனைத்து ஒதுக்கி, இருட்டறையில் சிறு விளக்கொளியைப் பின்னாலிருந்து பாய்ச்சுவார். மெல்லிய தோலினூடே கரும்புள்ளிகள் சில வேளைகளில் புலப்படும். கேட்கத் தெரிந்தவருக்கே கேட்கும் ஓசை, பார்க்கத் தெரிந்தவருக்கே தெரியும் புள்ளி.

எப்போது பார்க்கிறோம் என்பதும் ஒரு பொருட்டு. குருவி இனங்களின் குடலில் வளர்ந்து கழிச்சலை உண்டாக்கும் ஒருசெல் ஒட்டுண்ணியின் முட்டைகள், நாள் முழுவதும் ஒரே அளவில் எச்சத்தில் வெளிப்படுவதில்லை. பிற்பகலிலும் மாலையிலும்தான் மிகுதியாக வெளிவருகின்றன. காலையில் எச்சத்தை எடுத்துச் சென்று நுண்ணோக்கியில் பார்த்தவர் 'ஒன்றுமில்லை' என்று நேர்மையாகவே எழுதித் தரக்கூடும். மாலையில் எடுத்திருந்தால் வேறு விடை கிடைத்திருக்கும். 'தேடினோம், இல்லை' என்று சொல்லும் முன், தேடவேண்டிய வேளையில் தேடினோமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தீனியைப் பற்றி ஒரு செய்தி. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களுக்குள் ஏறத்தாழ ஒரு இலட்சம் இறந்தன. காரணம் தெரியாமையால் அந்நோய்க்கு 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றே பெயரிட்டனர். தொற்றுநோயாக இருக்கும் என்ற ஐயம் முதலில் எழுந்தது. ஆனால் அதற்குரிய கிருமி எதுவும் அகப்படவில்லை. இறப்பு நிகழ்ந்த பண்ணைகளையெல்லாம் ஒப்பிட்டுத் தீனியின் வழியே பின்னோக்கிச் சென்றபோது, பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் தேடல் முடிந்தது. புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சை ஒன்று ஈரலைக் கெடுக்கும் நஞ்சை விட்டுச் சென்றிருந்தது. அந்நஞ்சுதான் இன்று உலகெங்கும் அறியப்பட்ட அஃப்ளாடாக்சின். மனிதரின் ஈரல் புற்றுநோய்க்கும் அது காரணமாகும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஐப்பசி மழையில் ஈரம் கோத்த தினை மூட்டையை வெயிலில் உலர்த்தி மறுபடியும் கூண்டில் கொட்டும் நம்மவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. பூஞ்சையின் நிறமும் வாடையும் போய்விடும், நஞ்சு போகாது. உணவுப் பொருள்களில் இந்நஞ்சின் அளவைச் சோதிக்கும் முறைகள் தோன்றியதற்குப் பின்னால் அந்த வான்கோழிக் குஞ்சுகளின் சாவு இருக்கிறது. 'எக்ஸ்' என்ற எழுத்தோடு மனநிறைவு அடைந்து நின்றிருந்தால் என்னவாகியிருக்கும்?

நாமோ பெரும்பாலும் வேறு வழியில் செல்கிறோம். இரண்டாவது குருவி இறந்தவுடன் கடைக்குப் போய் ஏதோ ஒரு மருந்துத் தூளை வாங்கி எல்லாக் குருவிகளின் தண்ணீரிலும் கலக்குகிறோம். அது நுண்ணுயிர்க்கொல்லி என்பதுகூடப் பல நேரம் தெரியாது. உண்ணிக்கும் பூஞ்சை நஞ்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை. குடலில் நன்மை செய்யும் நுண்ணுயிர்களையும் அது அழித்துப் புதிய நோய்க்கு இடம் தரலாம். நான்கு நாள் சாவு நின்றால் மருந்து வென்றது என்கிறோம். ஐந்தாம் நாள் மீண்டும் விழுந்தால் மருந்தை மாற்றுகிறோம். நோயை அறிதல், அதன் மூலத்தை அறிதல், தணிக்கும் வழியை அறிதல் என்று வள்ளுவர் படிகளை அமைத்திருக்க, நாம் மூன்றாம் படியில் தாவி ஏறுகிறோம். இதில் இரக்கம் இல்லையென்று சொல்ல முடியாது; இரக்கம் மிகுதியாகவே இருக்கிறது. ஆனால் எதற்காகத் துடிக்கிறோம் என்பதை அறியாத இரக்கம், துன்பப்படும் உயிருக்கு உதவுவதைவிட நம் பதைப்பைத் தணிப்பதிலேயே செலவழிந்துவிடுகிறது.

இனி இக்கட்டுரையின் உட்கருவுக்கு வருவோம். காரணம் கேட்பதும் குற்றவாளியைக் கேட்பதும் ஒன்றா? நம் பேச்சுமொழியில் இரண்டும் ஒன்றாகவே கலந்து கிடக்கின்றன. 'இதற்குக் காரணம் யார்?' என்கிறோம், 'எது?' என்று கேட்பது அரிது. கூல்டியன் குருவிகளை வளர்ப்போர் நன்கறிந்த ஒரு நிகழ்வு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுகிறது.

கூல்டியன் பெற்றோர் சில வேளைகளில் அடைகாப்பதையோ குஞ்சுகளையோ கைவிட்டுவிடும். அப்போது வளர்ப்பவர் முட்டைகளை எடுத்துப் பெங்காலிக் குருவியின் கூட்டில் வைப்பார். தன் முட்டையா, பிறர் முட்டையா என்று பாராமல் அடைகாப்பதில் அப்பறவை பெயர்பெற்றது. தன் இனமல்லாத குஞ்சுகளுக்கும் வாய்க்குள் வாய் வைத்து ஊட்டும். இப்படி வளர்ந்த கூல்டியன் குஞ்சுகள் சில கூண்டுகளில் பத்து நாளிலிருந்து ஆறு வார வயதுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக மெலிந்து இறக்கின்றன. தீனி நல்லது, காற்று நல்லது, இரவு விளக்கும் இருக்கிறது. வளர்ப்புத் தாயோ எவ்விதக் குறையுமின்றித் துள்ளித் திரிகிறது. தேடிப் பார்த்தால் காரணம் அந்தத் தாயின் குடலில் இருக்கிறது. கோக்லோசோமா என்னும் ஒருசெல் ஒட்டுண்ணியைப் பெங்காலிக் குருவி தனக்கு எவ்வித நோயுமின்றிச் சுமந்திருக்கக்கூடும். ஊட்டிய இரையோடும் கூட்டில் விழும் எச்சத்தோடும் அது குஞ்சுகளைச் சென்றடைகிறது. அக்குஞ்சுகளின் உடல் அதைத் தாங்குவதில்லை.

இங்கே குற்றவாளி யார்? ஊட்டியவள் அன்பினால் ஊட்டினாள் என்று மனித மொழியில் சொல்வது மிகையென்றால், தன் இயல்பின் முழுமையால் ஊட்டினாள் என்று சொல்லலாம். அவள் காரணம், குற்றவாளி அல்லள். ஒட்டுண்ணியோ தன் வாழ்வைத் தான் வாழ்ந்தது. முட்டையை மாற்றி வைத்தவர் ஓர் உயிரைக் காக்கவே வைத்தார். குற்றவாளியைத் தேடிப் புறப்பட்டவர் இக்கூண்டைச் சுற்றிவந்து வெறுங்கையோடு திரும்புவார். திரும்புமுன் பெரும்பாலும் விற்ற கடைக்காரன்மீது பழியைப் போட்டுவிட்டு, அதே பெங்காலிக் குருவியின் கூட்டில் அடுத்த முட்டைகளை வைப்பார். காரணத்தைத் தேடியவரோ அவளுக்கு மருத்துவம் பார்ப்பார். அது தீரும்வரை முட்டை வைக்க மாட்டார். பழி சுமத்தும் அவசரம் உண்மையை மறைத்துவிடும் என்பதற்கு இதைவிட எளிய சான்று நமக்குக் கிடைக்கவில்லை. வீட்டிலும் ஊரிலும் மனிதர்க்கிடையே நடப்பவற்றை வாசகர் தாமே இங்கே பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று சைவ சித்தாந்த நூலார் வகுத்துக் காட்டுவர். உலகத் தோற்றத்தைப் பேசுவதற்காக அவர்கள் எடுத்த உவமை அது. நாம் அதை ஒரு சாவுக்குக் கடன் வாங்குகிறோம். குடலில் உள்ள ஒட்டுண்ணி ஒரு காரணம். நான்கு குருவிக்குரிய இடத்தில் பதினாறு அடைபட்டிருப்பது, ஈரத்தரை, நாள்பட்ட எச்சம் ஆகியவை துணைக்காரணங்கள். இவையின்றி அந்த ஒட்டுண்ணி பல பறவைகளின் உடலில் அடங்கிக் கிடந்திருக்கும். குயவனின் இடத்தில் நிற்பவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆய்வுக்கூடத் தாளில் கிருமியின் பெயர் வந்தவுடன் 'காரணம் கிடைத்துவிட்டது' என்று மகிழ்வோர், மண்ணைக் கண்டதோடு குடத்தின் வரலாறு முடிந்தது என்று எண்ணுகின்றனர்.

வளர்ப்புத் தாயின் கதைக்கே மீண்டும் செல்வோம். முதற்குஞ்சு இறந்தபோது முட்டை மாற்றியவர்மீது குற்றமில்லை. ஆறாவது குஞ்சு இறந்தபோதும் அதையே சொல்ல முடியுமா? அறநூல் வல்லார் அறியாமையை இருவகைப்படுத்துவர். முயன்றாலும் நீக்க இயலாத அறியாமை ஒன்று. முயன்றால் நீக்கக்கூடியது மற்றொன்று. இரண்டாவதற்குள்ளே இன்னும் கொடியது ஒன்று உண்டு: அறிந்தால் ஏதேனும் செய்ய வேண்டிவரும் என்பதற்காக அறியாமலே இருக்க விரும்புவது. கூண்டு வளர்ப்பில் இது எப்படி நுழைகிறது என்பதைப் பாருங்கள். ஒருவரிடம் முப்பது குருவிகள் இருக்கின்றன, ஆறு இறந்துவிட்டன. மீதியை விற்றுவிடலாம் என்று எண்ணுகிறார். இறந்த உடலை அறுத்துச் சோதித்துத் தொற்றுநோய் என்று எழுத்தில் வந்துவிட்டால் விற்க மனச்சான்று இடம் தராது. சோதிக்காவிட்டால், 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று வாங்குபவரின் முகத்தைப் பார்த்தே சொல்லலாம். அது பொய்யும் அன்று. உண்மை தன் வாசலுக்கு வருமுன் கதவைச் சாத்திக்கொண்டு, 'யாரும் வரவில்லை' என்று சொல்வது இது. சொற்கள் மெய்யாகவே இருக்கும். வஞ்சனை சொற்களுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது.

இவ்வளவும் ஒரு குருவிக்காகவா என்று கேட்போர் உண்டு. சோதனைக்கும் பயணத்துக்கும் ஆகும் செலவு பறவையின் விலையைவிடக் கூடுதல். காரணம் கேட்கப்படாமல் மனிதர்களே இறக்கும் நாட்டில் இது வேண்டாத ஆடம்பரம் என்பது அவர்கள் வாதம். இதை எளிதில் ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. ஆனால் வரலாற்றில் இவ்விரு சாவுகளும் ஒருமுறை மிக அருகில் சந்தித்திருக்கின்றன.

1896ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வேல்சு நாட்டின் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிவிபத்து நிகழ்ந்து 57 பேர் மாண்டனர். சுரங்க வெடியில் இறந்தவர்களைப் பற்றி மேலும் கேட்காமல் விட்டுவிடுவது எளிது; வெடித்தது, இறந்தார்கள், அவ்வளவே. ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர் கேட்டார். உடல்களைப் பார்த்தார், பெரும்பாலோரிடம் சாவுக்குப் போதிய காயமோ தீப்புண்ணோ இல்லை, இரத்தத்திலும் தோலிலும் இயல்புக்கு மாறான செந்நிறம் இருந்தது. வெடிக்குப்பின் சுரங்கத்தில் பரவிய கார்பன் மோனாக்சைடு என்னும் நிறமும் மணமுமற்ற வளியே அவர்களைக் கொன்றது என்று அதே ஆண்டில் தம் அறிக்கையில் நிறுவினார். வெடியில் தப்பியவர்கள், தாம் தப்பிவிட்டதாக எண்ணி நடந்துசென்ற வழியிலேயே விழுந்திருந்தனர். காரணம் தெரிந்தவுடன் வழியும் பிறந்தது. மனிதனைவிட விரைவில் இவ்வளிக்கு ஆட்படும் சிற்றுயிரை முன்னே கொண்டுசென்றால் அது எச்சரிக்கும் என்றார் ஹால்டேன். அவ்வாறு சுரங்கத்துக்குள் இறங்கியது கேனரி. அதுவும் ஃபிஞ்ச் குடும்பத்துப் பறவையே.

கேனரியைப் பலி கொடுத்து மனிதன் தப்பினான் என்று மட்டும் இக்கதையைச் சொல்வது வழக்கம். அதற்கு மேலும் ஒன்று உண்டு. மீட்புப் பணியாளர் சிலர் வைத்திருந்த கூண்டின் மேலே சிறிய உயிர்வளிக் குப்பி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. பறவை தள்ளாடி விழுந்தவுடன் கூண்டின் வட்டக் கதவை மூடிக் குப்பியைத் திறப்பார்கள், பறவை மீண்டெழும். தமக்காக விழும் உயிரை எழுப்பிவிட வேண்டும் என்று யாரோ எண்ணியிருக்கிறார்கள். அந்த எண்ணம் ஒரு கருவியாகவும் ஆயிற்று. பிரித்தானியச் சுரங்கங்களில் மின்னணுக் கருவிகள் கேனரிகளின் இடத்தை எடுத்துக்கொள்ளும் என்ற முடிவு 1986இல்தான் வந்தது. சுரங்கத்தில் இருந்த குருவி சாய்ந்தால் பத்துப் பேர் அதைக் கவனித்தனர். நம் அடுக்களைக்கு அடுத்த அறையில் குருவி சாய்ந்தால், அதே காற்றை உட்கொள்ளும் நம் குழந்தைகள் பக்கத்திலேயே விளையாடிக்கொண்டிருக்க, நாம் கண்ணேறு என்கிறோம். செலவைப் பற்றிப் பேசுவோருக்கு நாம் சொல்லக்கூடிய விடை இதுதான். அதன் விலைக்குள் அடங்காத ஒரு செய்தியை அந்த உடல் வைத்திருக்கக்கூடும்.

நடைமுறையிலும் இது அத்துணைக் கடினமன்று. இறந்த பறவை, நம் வெப்பத்தில் சில மணி நேரத்திலேயே சிதையத் தொடங்கிவிடும். சோப்பு நீரில் இறகை நனைத்து, நெகிழிப் பையிலிட்டு, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, அன்றோ மறுநாளோ கால்நடை மருத்துவக் கல்லூரியின் நோயியல் துறைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். பனிக்கட்டியாய் உறையவிடலாகாது, உறைந்தால் திசுக்கள் சிதைந்து சாட்சி கலைந்துவிடும். சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கல்லூரியும், கோழிப்பண்ணைகளின் நடுவே அமைந்த நாமக்கல் கல்லூரியும் நம் மாநிலத்தில் உள்ளன. இறந்த கோழியை மருத்துவரிடம் எடுத்துச் செல்லப் பண்ணையாளர் நாணுவதில்லை. பிழைப்பு அதில் இருக்கிறது. பிழைப்பு இல்லாத இடத்தில்தான் நம் கவனத்தின் தரம் தெரிகிறது.

எல்லாம் செய்தும் காரணம் அகப்படாமல் போகலாம். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரிலும் அதை அடுத்த மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களிலும் பறவைகள் கண்கள் வீங்கி, பொருக்குத் தட்டி, நிலைதடுமாறி இறந்தன. மைனாவின் உறவான ஸ்டார்லிங், நீலநிற ஜே முதலிய இனங்களின் இளம்பறவைகளே அவற்றுள் மிகுதி. பல ஆய்வுக்கூடங்கள் உடல்களைச் சோதித்தன. பறவைக் காய்ச்சல் இல்லை, மேற்கு நைல் வைரசு இல்லை, சால்மொனெல்லா இல்லை, கோழிகளைக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் வைரசும் இல்லை. அவ்வாண்டு பதினேழு ஆண்டுகளுக்கு ஒருமுறை மண்ணிலிருந்து எழும் சிள்வண்டுகள் அப்பகுதியில் பெருகியிருந்தன, அவற்றைத் தின்றதாலா என்றும் கேட்டுப் பார்த்தனர், நிறுவ இயலவில்லை. வீட்டுத் தோட்டங்களில் பறவைகளுக்காகத் தொங்கவிட்ட தீனிக்கலங்களை எடுத்துவிடுமாறு மக்களிடம் கேட்டுக்கொண்டனர். கோடை முடியும் வேளையில் சாவு தானே குறைந்தது. காரணம் அறுதியிடப்படவில்லை என்றே அறிவித்தனர்.

அந்த அறிவிப்பை நாம் மதிக்கிறோம். 'தெரியாது' என்ற அதே சொல்தான் நம் குருவி விற்பவரின் வாயிலும் இருந்தது. ஆயினும் ஆய்வாளர்களின் 'தெரியாது' என்பதற்குப் பின்னே 'இது அன்று, இது அன்று' என்ற நீண்ட பட்டியல் நிற்கிறது. அப்பட்டியல் ஒரு தோல்விக் கணக்கல்ல; அடுத்த முறை அத்தகைய சாவு வந்தால் தேடுவோர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அது சொல்லும்.

முப்பது குருவிகளின் உரிமையாளர் செய்யக்கூடியதும் அதுவே. ஒரு பழைய குறிப்பேட்டில் இறந்த நாள், இறந்த இனம், முந்தின வாரத்தில் புதிதாக வந்த பறவை, மாற்றிய தீனி மூட்டை, பெய்த மழை, அடுக்களையில் நடந்தது, எச்சத்தைச் சோதித்த வேளை ஆகியவற்றை எழுதிவைக்கலாம். நான்காவது வரியிலேயே காரணம் கண்ணில் படுவதும் உண்டு. இருபது வரி எழுதியும் படாமல் போவதும் உண்டு. குறிப்பேட்டில் விடை இல்லாத நிலையிலேயே ஒருநாள் யாரோ ஒரு சோடி வாங்க வருகிறார், பெரும்பாலும் ஒரு சிறுவனைக் கையில் பிடித்துக்கொண்டு. அவரிடம், 'இந்தக் கூண்டில் மூன்று மாதத்தில் ஆறு இறந்தன. உண்ணியும் இல்லை, கழிச்சலும் இல்லை என்று பார்த்துவிட்டோம். என்னவென்று இன்னும் தெரியவில்லை' என்று சொல்ல வேண்டியிருக்கும். வந்தவர் சிறுவனை அழைத்துக்கொண்டு திரும்பிப் போய்விடவும் கூடும்.